பெருவிரல் ஒன்று சொல்ல, வயிறு வேறொன்று சொன்னால்: தசைத் தளர்த்தி மருந்துச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

தசைத் தளர்த்தி மருந்தை வைத்துத் தியேட்டருக்குள் வரும் வாக்குவாதங்களில் பாதி, ஆளுக்கொரு தசையைப் பார்த்துக்கொண்டு பேசுவதால் வருவது. சேர்ஜன் வயிற்றைப் பார்க்கிறார். மயக்க மருந்து கொடுப்பவர், கை நரம்பை மின்சாரத்தால் தட்டும் கருவியை ஒட்டிவிட்டு, பெருவிரல் துடிக்கிறதா என்று பார்க்கிறார். ரிக்கவரியில் நிற்கும் தாதி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறார். மூவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே மருந்து, ஒரே நேரத்தில், இந்த மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருக்கும். எனவே எந்தச் சிக்கல் வந்தாலும் சிரிஞ்சைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது எந்தத் தசை பேசுகிறது?

யாழ். மருத்துவ பீடத்தில் படித்துவிட்டு வார்ட்டுக்கு வந்தவர்கள், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி போன்ற இடங்களில் மயக்க மருந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ரிக்கவரித் தாதியர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். அளவுகள் பொதுவானவை. உங்கள் பிரிவின் வழிகாட்டியும் மூத்தவரின் சொல்லும்தான் முதலில்.

அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பு முனையிலிருந்து வரும் அசற்றைல்கோலீன் தசையின் வாங்கிகளில் போய் ஒட்டினால் தசை சுருங்கும். ரொக்குரோனியம், வெக்குரோனியம், அற்றாகியூரியம் எல்லாம் அந்த வாங்கிகளை அடைத்துக்கொள்பவை. பெருவிரல் அசைவு குறையத் தொடங்கவே வாங்கிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி அடைபட வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சை இழுக்கும் பிரிமென்றகட்டுக்கு அதுவும் போதாது. பெருவிரலை நிறுத்தும் அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கொடுத்தால்தான் அது நிற்கும். குரல்வளைத் தசைகளும் அப்படியே முரண்டு பிடிப்பவை. ஆனால் இந்த இரண்டு இடத்துக்கும் இரத்த ஓட்டம் அதிகம், அதனால் மருந்து சீக்கிரம் போய்ச் சேரும், சீக்கிரம் வெளியேறியும் விடும். பெருவிரல் பிந்தித் தளர்ந்து, பிந்தித் திரும்பும். தொண்டையையும் நாக்கையும் தூக்கிப் பிடிக்கும் தசைகளோ மிகச் சிறிய மிச்சத்துக்கே சோர்ந்துபோகும். கீழே வருவதெல்லாம் இந்த நாலைந்து வரியிலிருந்து பிறப்பவை.

"விரல் நின்றிட்டுது, ஆனால் குழாய் வைக்கேக்க இருமுறார்"

மூச்சுக்குழலுக்குள் குழாய் வைக்கும்போது, குறைந்த அளவு மருந்து கொடுத்த இடத்தில் வருவது இது. பெருவிரலுக்குப் போதுமான அளவு குரல்நாணுக்குப் போதவில்லை. கருவி அடுத்தடுத்து நாலு தரம் தட்டும்போது விரலில் வரும் நாலு துடிப்பும் போய்விட்டது என்று, குரல்வளையைப் பார்க்கும் லரிங்கோஸ்கோப்பை வைத்தால், குரல்நாண் ஒன்றையொன்று நோக்கி வரும். ரொக்குரோனியம் கிலோவுக்கு 0.6 மி.கி. என்பது வழக்கமான அளவு. வயிறு நிறைந்தவருக்கு அவசரமாகக் குழாய் வைக்க வேண்டுமென்றால் 1.2 மி.கி. வரை போவது இதற்காகத்தான்.

நேர் எதிரானதும் நடக்கும். தாராளமாகக் கொடுத்திருக்கிறோம், ஒன்றரை நிமிடமாயிற்று, விரல் இன்னும் மெல்லத் துடிக்கிறது, தாடையோ தளர்ந்து தொங்குகிறது. விரல் முழுதாய் நிற்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. குரல்வளை அதற்கு முன்பே தளர்ந்திருக்கும். குழாய் வைக்கும் நேரத்தைக் கணிக்கப் பெருவிரலைவிடப் புருவத்தைச் சுருக்கும் தசை நல்ல சாட்சி. அதன் போக்கு குரல்வளையோடு ஒத்துப்போகும்.

மருந்தின் அளவும் நேரமும் சரியாக இருந்தும் இருமினால், தூக்க மருந்தின் ஆழத்தைப் பாருங்கள். அடுத்ததாகக் குப்பியைப் பாருங்கள். அற்றாகியூரியமும் சக்ஸமெதோனியமும் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியவை. அற்றாகியூரியம் 25 பாகையில் மாதத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் வீரியம் இழக்கும். பிரிட்ஜுக்கு வெளியே எடுத்தால் 14 நாட்களுக்குள் பாவித்துவிட வேண்டும். நம்முடைய சித்திரை வைகாசி வெயிலில், மின்சாரம் போய் வந்த பிரிட்ஜ் 25 பாகையோடு நிற்காது. வெளியே எடுத்த திகதியைக் குப்பியில் எழுதி ஒட்டும் பழக்கம் இல்லாத இடத்தில் இந்தச் சிக்கலை மருந்தியல் படித்துத் தீர்க்க முடியாது.

"மெஷின் அடிக்குது, விரல் அசையவே இல்லை"

மருந்து கொடுப்பதற்கு முன்பே இப்படியென்றால் கோளாறு கருவியில் அல்லது ஒட்டிய இடத்தில். பற்றரியைப் பாருங்கள். ஒட்டும் மின்முனை காய்ந்து போயிருக்கிறதா, தோலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். தலையிலும் கையிலும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வரும் அம்மாமாருக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் ஒட்டினால் ஒட்டாது. கறுப்பு முனை மணிக்கட்டு மடிப்புக்கு அருகில், சின்னவிரல் பக்கமாக, அல்னார் நரம்பின் மேல் வர வேண்டும். சிவப்பு அதிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி. மின்னோட்டம் 50 முதல் 60 மில்லி அம்பியர்.

அசைவது பெருவிரல்தானா என்பதையும் பாருங்கள். சின்னவிரல் மடங்குவதைக் கண்டு "ஆ, திரும்பிட்டுது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தசைக்கு மிக அருகில் ஒட்டியிருப்பதால் மின்சாரம் நரம்பை விட்டுவிட்டுத் தசையையே நேரடியாகத் தட்டியிருக்கலாம். அப்படித் தட்டினால் எவ்வளவு மருந்து இருந்தாலும் அசையும்.

கை குளிர்ந்திருந்தாலும் துடிப்பு சிறுத்துவிடும். வெளியே கொளுத்தும் வெயில் என்றாலும் தியேட்டருக்குள் ஏசி. இரண்டு மணித்தியாலம் போர்வைக்கு வெளியே நீட்டிக் கிடந்த கை பச்சைத்தண்ணி போலத்தான் இருக்கும். கைத்தோல் 32 பாகைக்குக் கீழே போனால் அந்த வாசிப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் மறக்கக்கூடாத ஒன்று: போர்க்காலக் காயத்தாலோ பக்கவாதத்தாலோ வலுவிழந்த கை. பக்கவாதம் வந்த பக்கம் மருந்துக்கு முரண்டு பிடிக்கும். அங்கே நாலு துடிப்பும் தெம்பாகத் தெரியும்போது மறுபக்கம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நரம்பே அறுந்த கையில் மருந்து இல்லாவிட்டாலும் அசைவு வராது. எப்போதும் நல்ல கையில் ஒட்டுங்கள். பழைய காயத் தழும்பைப் பார்த்தால் கேளுங்கள். நம்மவர்கள் கேட்காமல் சொல்வதில்லை.

"வயிறு இறுகிக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கோ"

தியேட்டரில் அதிகம் கேட்கும் வாக்கியம். விரலைப் பார்த்தால் துடிப்பு பூச்சியம். "முழுத் தளர்வில இருக்கிறார் சேர்" என்று பதில் சொல்லிவிடுவோம். அந்த நேரம் பார்த்து நோயாளி விக்குவார்.

இருவர் சொல்வதும் சரி. பெருவிரல் பூச்சியத்தில் இருக்கும்போதே பிரிமென்றகடு திரும்பத் தொடங்கிவிடும். வயிற்றுச் சுவரின் தசைகளும் பெருவிரலை முந்திக்கொண்டு திரும்புபவை. ஆக, விரலில் துடிப்பு இல்லை என்பது வயிறு தளர்ந்திருப்பதற்கு அத்தாட்சி அல்ல.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. விபி மொகென்சன் குழுவினர் 1981இல் சொன்னது: 50 ஹேர்ட்ஸில் ஐந்து செக்கன் தொடர்ச்சியாகத் தட்டி, மூன்று செக்கன் விட்டு, பிறகு செக்கனுக்கு ஒன்றாகத் தட்டி, எத்தனை துடிப்பு வருகிறது என்று எண்ணுவது. தொடர் தட்டலால் நரம்பு முனையில் அசற்றைல்கோலீன் திரண்டு நிற்பதால், சாதாரணமாகப் பூச்சியம் காட்டும் விரலும் இப்போது சில துடிப்புக் காட்டும். பத்துக்கு மேல் எண்ணினால் விரல் தானாகத் துடிக்கத் தொடங்கும் நேரம் கிட்டிவிட்டது. பிரிமென்றகடு எப்போதோ கிளம்பியிருக்கும். ஒன்று இரண்டுதான் வருகிறது என்றால் தளர்வு ஆழம். பிரிமென்றகடு துளியும் அசையக்கூடாது என்றால் இந்த எண்ணிக்கையும் பூச்சியமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஐந்தாறு நிமிடத்துக்குள் இதைத் திரும்பச் செய்ய வேண்டாம், எண் பொய்த்துவிடும்.

மொனிற்றரில் காபனீரொட்சைட்டுக் கோட்டையும் பாருங்கள். மேல்தட்டில் சின்னப் பள்ளம் விழுந்தால் பிரிமென்றகடு தானாக இழுக்கப் பார்க்கிறது என்று பொருள். சேர்ஜன் சொல்வதற்கு முன்பே அந்தப் பள்ளம் சொல்லிவிடும்.

ஆனால் விக்கல் என்றதும் மருந்தை ஏற்றாதீர்கள். முதலில் ஆள் தூங்குகிறாரா? இருதயத் துடிப்பும் அழுத்தமும் ஏறுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, மூச்சோடு உள்ளே போய் மயக்கத்தில் வைக்கும் ஆவி மருந்து தீர்ந்துவிட்டதா? தசைத் தளர்த்திக்குத் தூங்க வைக்கும் குணம் அறவே இல்லை. 1947இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்கொட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் தன் உடலிலேயே கியூராரே என்ற தசைத் தளர்த்தியை ஏற்றச் செய்து மூச்சு நிற்கும் அளவுக்கும் மேலே போனார். முழு நேரமும் நினைவோடு இருந்தார்; அருகில் பேசியதெல்லாம் கேட்டது, வலியும் தெரிந்தது. தூக்கம் குறைந்த ஒருவருக்குத் தசைத் தளர்த்தியை மட்டும் கூட்டுவது அவரை அந்த நிலைக்குத் தள்ளுவது. எனவே முதலில் தூக்கமும் வலிநிவாரணியும், பிறகு குழாய் ஆழமாகப் போய் மூச்சுக்குழல் கிளைபிரியும் இடத்தை உரசுகிறதா என்று பார்ப்பது, அதற்கும் பிறகுதான் ரொக்குரோனியம்.

மூட இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் தளர்த்தி மருந்தைக் கூட்டாமல் ஆவி மருந்தையோ தூக்க மருந்தான புரோபொஃபோலையோ சற்றுக் கூட்டிச் சமாளிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வயிறு மூடிய பிறகு ஒரு மணித்தியாலம் காத்திருப்பதை யாரும் விரும்புவதில்லை, கேட்ட சேர்ஜன் உட்பட.

"புருவம் நாலு தரம் துடிக்குது, றிவேர்சல் குடுக்கலாமோ?"

றிவேர்சல் என்பது தளர்வை மாற்றி எழுப்பக் கொடுக்கும் மருந்து. கைகள் இரண்டும் துணிக்கு அடியில் போய்விட்ட சத்திரசிகிச்சைகளில் முகத்தில் ஒட்டுவது வழக்கம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. புருவத்தைச் சுருக்கும் தசை குரல்வளையைப்போலச் சீக்கிரம் திரும்பும். கண்ணை மூடும் தசை ஏறத்தாழப் பெருவிரலைப்போல நடக்கும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் எது துடிக்கிறது என்று வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம். முகத்தில் நாலு துடிப்பு என்பதை நம்பி எழுப்பினால் தொண்டை இன்னும் சோர்ந்தே கிடக்கும். குழாய் வைக்க முகத்தைப் பாருங்கள். எழுப்ப விரலைப் பாருங்கள். கை கிடைக்காவிட்டால் காலின் பெருவிரலைப் பாருங்கள். உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டினால் போதும். அது கைப்பெருவிரலின் போக்கை ஓரளவு பின்பற்றும்.

"சக்ஸ் குடுத்தது, வாய் திறக்க மாட்டுது"

சக்ஸமெதோனியம் மற்றவற்றைப்போல வாங்கியை அடைத்து வைப்பதில்லை, தட்டித் தட்டிச் சோர வைப்பது. அதனால்தான் முதலில் உடம்பெல்லாம் துடிக்கும். மெல்லும் தசை சில வேளைகளில், குறிப்பாகப் பிள்ளைகளில், தளர்வதற்குப் பதில் சிறிது நேரம் இறுகும். ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டால் சரி. தாடை இரும்புபோல நின்று, மற்றக் கைகால் தளர்ந்திருந்தால், இன்னொரு தரம் சக்ஸ் கொடுக்கக்கூடாது. மாஸ்க் மூலம் ஒக்சிசன் கொடுத்துக்கொண்டு கடும் உடல்வெப்ப உயர்வு நோயின் அடையாளம் தேடுங்கள்: காபனீரொட்சைட்டு ஏறுதல், இருதயம் படபடத்தல், உடம்பு விறைத்தல். வெப்பம் ஏறுவது பெரும்பாலும் பிந்தித்தான். சந்தேகம் வந்தால் ஆவி மருந்தை நிறுத்தி, மூத்தவரைக் கூப்பிட்டு, அதற்கான மருந்தான டன்ட்ரோலீனைக் கிலோவுக்கு 2.5 மி.கி. தயாராக்குங்கள். உங்கள் தியேட்டரில் அது எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

"சக்ஸ் குடுத்து அரை மணித்தியாலம், இன்னும் மூச்சில்லை"

ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தீர வேண்டிய மருந்து. இரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் நொதிதான் அதை உடைக்கிறது. நொதி பிறவியிலேயே சரியில்லாமல் இருக்கலாம். சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் செய்துவந்த குடும்பங்களில், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்துசேரும் வாய்ப்பு அதிகம். அப்படியானவருக்கு மணிக்கணக்காக நீளும்.

யாழ்ப்பாணத்தில் நான் முதலில் கேட்பது வேறொன்று: "கடைசியா எப்ப தோட்டத்துக்கு மருந்து அடிச்சனீங்கள்?" வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கும் பூச்சிகொல்லிகளில் ஒகனோபொஸ்பேற் வகை இந்த நொதியை முடக்கிவிடும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடர்ந்து அடிப்பவருக்கு, வேறு எந்த அறிகுறியும் இல்லாமலே நொதி குறைந்திருக்கலாம். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்குக் குழாய் வைக்கும்போது சக்ஸைத் தவிர்த்து ரொக்குரோனியத்துக்குப் போவது இதனால்தான்.

இன்னொரு வாசல் நாமே திறந்து விடுவது. றிவேர்சலாகக் கொடுக்கும் நியோஸ்டிக்மினும் இந்த நொதியைத் தடுக்கும். றிவேர்சல் கொடுத்து எழுப்பிய பிறகு குரல்வளை இறுகிப்போய் சக்ஸ் கொடுத்தால், அந்த சக்ஸ் வழக்கத்தைவிட நீளும்.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். தூக்கத்தை விடாமல் கொடுங்கள், மெஷினில் மூச்சைத் தொடருங்கள், விரலைப் பாருங்கள், காத்திருங்கள். நியோஸ்டிக்மினை எடுக்க வேண்டாம். நொதிக்கு இரத்தம் எடுத்து அனுப்புங்கள். பிறவிக் குறை என்று தெரிந்தால் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லி, கையில் ஒரு கடிதம் கொடுத்து விடுங்கள். வாய்ச்சொல் வீட்டுப் படலையைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும்.

"நியோஸ்டிக்மின் குடுத்தாச்சு, ஒன்றும் மாறேல்லை"

எப்போது கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. நியோஸ்டிக்மின் அடைத்த மருந்தை அகற்றுவதில்லை, அசற்றைல்கோலீனைக் கூட்டிப் போட்டியில் விடுகிறது. அந்தக் கூட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. அசற்றைல்கோலீனை உடைக்கும் நொதி முழுதாய்த் தடைபட்ட பிறகு இன்னும் கொடுத்துப் பயனில்லை. விரலில் துடிப்பே இல்லாதபோது கொடுத்தால் வீண். நாலு துடிப்பும் வந்த பிறகு கிலோவுக்கு 0.05 மி.கி. வரை அற்றோபினோடோ கிளைக்கோபைரோலேற்றோடோ கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் விடுவதில்லை.

நேரம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பட்டியலைப் பாருங்கள்: உடம்பு குளிர்ந்திருக்கிறதா, அமிலத்தன்மை ஏறியிருக்கிறதா, ஜென்ராமைசின் என்ற கிருமிகொல்லி போனதா. குருதி அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு மக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய காரணம். அது நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலீன் வெளிவருவதைக் குறைத்துவிடும்.

இன்னொரு றிவேர்சலான சுகமடெக்ஸ் இருக்கும் இடத்தில் ரொக்குரோனியம், வெக்குரோனியம் இரண்டையும் அது மூலக்கூறாகவே பிடித்து எடுத்துவிடும். இரண்டு துடிப்பு வந்திருந்தால் கிலோவுக்கு 2 மி.கி., ஆழமான தளர்வில் 4 மி.கி. அற்றாகியூரியத்துக்கு அது ஒன்றுமே செய்யாது. ஷிஃப்ற் மாறும்போது எந்த மருந்து கொடுத்தது என்று தாளில் பார்த்துவிட்டு எடுங்கள்.

"நல்லா மூச்சு விடுறார், ஆனால் கொறட்டையும் எச்சிலும்"

இதில்தான் ஆபத்து அதிகம், இதைத்தான் நாம் லேசாக எடுக்கிறோம். பிரிமென்றகடு முதலில் திரும்புவது என்பதால் நெஞ்சு நன்றாக ஏறி இறங்கும், மூச்சின் கொள்ளளவு சரியாகக் காட்டும். தொண்டையோ இன்னும் திரும்பியிருக்காது. நாக்கு பின்னே விழும், எச்சிலை விழுங்க முடியாது, வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போகும். முதல் துடிப்போடு நாலாவதை ஒப்பிட்டால் 0.9க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே விழுங்குதல் பிழைக்கிறது.

இதைக் கையால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால் நாலு துடிப்பும் ஒரே மாதிரித்தான் விரலுக்குத் தெரியும். 0.4க்கும் 0.9க்கும் இடையிலுள்ள பரப்பு முழுவதும் கைக்கு இருட்டு. ஐந்து செக்கன் தலையைத் தூக்கச் சொல்வதும் அந்தப் பரப்புக்குள்ளேயே பலருக்கு முடிந்துவிடும். எண்ணாக அளந்து காட்டும் கருவி இருந்தால் அதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

கருவி இல்லாத இடத்தில் கேட்டுப் பாருங்கள். "அம்மா, என்னைப் பாருங்கோ, எத்தினை பேர் தெரியுது?" என்று கேட்டால் "ரெண்டு பேர் மாதிரிக் கிடக்கு" என்பார். கண்ணை அசைக்கும் தசைகளின் சோர்வு கடைசிவரை நிற்கும். நாக்குத்தடியை முன்பற்களால் கடிக்கச் சொல்லி மெல்ல இழுத்துப் பார்ப்பதும் தலைதூக்கலைவிட நம்பகமானது. பேச்சு குழைகிறதா, கை மீன் துடிப்பதுபோல் வெட்டி வெட்டி அசைகிறதா என்றும் பாருங்கள். மூச்சு விடக் கஷ்டமென்று அவர் சொன்னால் பயத்தில் சொல்கிறார் என்று, பதற்றம் தணிக்கும் மிடாசோலம் ஏற்றாதீர்கள்.

இப்படியிருந்தால் தாடையைத் தூக்குங்கள், ஒக்சிசன் கொடுங்கள், முதுகை உயர்த்துங்கள், றிவேர்சல் எப்போது எவ்வளவு போனது என்று பாருங்கள். ஒக்சிசன் ஓடிக்கொண்டிருக்கும்போது இரத்தத்தின் ஒக்சிசனைக் காட்டும் விரல் மீற்றர் 98 காட்டுவது மூச்சு போதும் என்பதற்குச் சாட்சி ஆகாது. தேவையென்றால் மீண்டும் தூங்கவைத்துக் குழாய் வைப்பதில் வெட்கமில்லை. ஏற்கெனவே முழுதாய்த் திரும்பியவருக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்று நியோஸ்டிக்மினைக் கூடுதலாகக் கொடுப்பதும் நல்லதல்ல. அதுவே மேல்மூச்சுப் பாதைத் தசைகளைச் சோர வைக்கும்.

எல்லாம் அளந்து கொடுத்தும், குறைந்த மருந்துக்கே ஒருவர் இப்படிப் படுத்துவிட்டால், வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பின்னேரமானால் இமை விழுகிறதா, சாப்பிடச் சாப்பிட வாய் களைக்கிறதா? தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் சிலரில் தியேட்டரில்தான் முதன்முதலாக வெளியே தெரியவரும். அவர்களுக்கு ரொக்குரோனியத்தின் சிறு அளவே பெரிது, சக்ஸோ வழக்கமான அளவில் போதாமல் போகும். ஆம் என்று பதில் வந்தால் அன்றிரவு அவரை வார்ட்டுக்கு அனுப்பாமல், மூச்சைப் பார்த்துக்கொள்ளக்கூடிய இடத்தில் வைத்து, நரம்பியல் பிரிவுக்குத் தகவல் எழுதிவிடுங்கள்.